பெயர் எழுதாத கேசட்

கதை எழுதுகிறவனுக்கு உள்ள தொல்லைகளில் தலையாய தொல்லை தலைப்பு வைப்பது. கதையை எப்படியாவது எழுதி முடித்துவிடலாம். கதாநாயகியைக் கூட ஒரு வழியாகக் கரையேற்றிவிடலாம். தலைப்பு மட்டும் அகப்படாது. பத்திரிகாலயத்திலிருந்து இரண்டு தடவை டெலிபோன் வந்த பிறகு, வேறு வழியில்லாமல் எதையாவது எழுதிக் கொடுத்துவிடுவேன். கதை அச்சாகி வந்த மறுநாள், தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது, அருமையான தலைப்பு ஒன்று வந்து நிற்கும். யாருக்கு வேண்டும் அது?

இந்தத் தொல்லையையே தலைப்பாக வைத்துவிட்டுத் தப்பித்துக்கொண்ட ஒரு கலைஞரைப் பற்றியும், அவருடைய இசைத்தட்டு ஒன்றைப் பற்றியும் இங்கே சொல்லப் போகிறேன். சரித்திரம் என்றால் ராஜாக்களும் சண்டைகளும்தான் என்று நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதிலும் ஒரு ராஜா வருகிறார்.

சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அக்கா மகன் அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தான். இருபத்தாறு வயதுப் பையன். எங்கள் தொழிற்பேட்டையில் ஒரு காலத்தில் லேத்துப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. அதில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் அவனுக்கு வேலை. கையில் ஒரு சிறு பெட்டி வைத்திருந்தான். திறந்தால் உள்ளே இசைத்தட்டுச் சுழலும் யந்திரம்!

"என்னடா இது, தாத்தா காலத்துச் சாமான்?" என்றேன்.

"இப்போ இதுதான் மாமா புதுசு" என்றான் அவன், கொஞ்சமும் சிரிக்காமல்.

பெட்டியோடு கூட இரண்டு தட்டுகளும் கொண்டுவந்திருந்தான். முதல் தட்டு அமெரிக்காவில் உள்ள ஒரு ராக் கோஷ்டியினுடையது. கோஷ்டியின் பெயர் நிர்வாணா. அந்தப் பெயரை அவன் உரக்கச் சொன்னதும் என் தாயார் சமையலறையிலிருந்து ஒரு முறை எட்டிப் பார்த்தாள். "அது புத்தர் சொன்ன நிர்வாணம் அம்மா" என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

அந்தத் தட்டின் கதையைப் பையன் சொல்லக் கேட்டபோது, கதாசிரியனுக்கு உரிய பொறாமை எனக்கு வந்துவிட்டது. தட்டின் பெயர் 'பிளீச்'. 1989-ல் சியாட்டில் நகரத்தில் ஒரு சின்னக் கம்பெனி அதை வெளியிட்டது. ஒலிப்பதிவுக்கு ஆன செலவு 606 டாலர் 17 சென்ட். அந்தப் பணம் கூடக் கோஷ்டியிடம் இல்லை. ஜேசன் எவர்மன் என்ற நண்பர் கொடுத்தார். நன்றிக்காக, அதில் ஒரு ஸ்வரம் கூட வாசிக்காத அவருடைய பெயரைக் கிதார் வாசித்தவர் என்று அட்டையில் போட்டுவிட்டார்கள்! முதலில் வேறொரு பெயர் வைக்க நினைத்திருந்தார்களாம். ஊசியால் பரவும் நோயைத் தடுக்க ஊசிகளைச் சலவைத் திராவகத்தால் கழுவுங்கள் என்று சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்து, 'பிளீச்' என்று மாற்றினார்கள்.

தட்டு வெளிவந்தபோது விற்றது சுமார் நாற்பதாயிரம்தான். 1991-ல் அந்தக் கோஷ்டியின் அடுத்த தட்டு உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கிற்று. உடனே ஜனங்கள் பழையதைத் தேடி ஓடினார்கள். 1992-ல் மறு வெளியீடு. 1994-ல் பாடகர் கர்ட் கோபேன் இருபத்தேழு வயதில் தன்னையே மாய்த்துக்கொண்டார். 2009-ல், இருபதாவது ஆண்டு நிறைவுக்காக, 1990-ல் நடந்த ஒரு கச்சேரியையும் சேர்த்து இன்னொரு மறு வெளியீடு. நாற்பதாயிரத்தில் நின்ற தட்டு பத்து லட்சத்தையும் தாண்டிவிட்டது. தட்டில் உள்ள பாட்டு என்னவோ அதே பாட்டுத்தான். கேட்கிற காதுதான் மாறிற்று.

"நம்ம ஊர்லயும் அப்படி ஒண்ணு இருக்கு மாமா. சினிமாவுக்காகப் பண்ணாத தட்டு. கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் பையன் இரண்டாவது தட்டை வைத்தான். எங்கோ பழைய சாமான் கடையில் பொறுக்கியது. ஊசி தட்டில் இறங்கியதும் எண்ணெய் காய்கிற மாதிரி ஒரு சத்தம், பிறகு வயலின்.

கரண்டியும் கையுமாக என் தாயார் கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"டேய், இது நம்ம வீட்டுப் பாட்டுடா!"

அவள் சொன்னது சரிதான். எனக்கும் அதே கணத்தில் தெரிந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கேட்டுப் பழகியும், அது இன்னது என்று தெரியாமலே நான் வைத்திருந்த இசை அது.

இதை விளக்க நான் 1988-க்குப் போக வேண்டும். அப்போது எனக்கு எட்டு வயது. என் தகப்பனார் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் டர்னர். கள்ளிக்குப்பம் பக்கம் அரை கிரவுண்டு மனை வாங்கி, அதில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். 'கட்டினார்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். கட்டி முடிக்க மூன்று வருஷம் ஆயிற்று. கடக்கால் போட்டதோடு ஒரு வருஷம் நின்றது. லிண்டல் மட்டத்தில் அம்மாவின் வளையல் போயிற்று. கான்கிரீட் போட வேண்டிய சமயத்தில் மேஸ்திரிக்கு வேறு எங்கோ வேலை வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நாங்கள் குடும்பத்தோடு போய்ச் செங்கல் நனைப்போம்.

அந்த நாட்களில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைகள் தெருவுக்குத் தெரு இருந்தன. வெற்றுக் கேசட் ஒன்றும், வேண்டிய பாட்டுகளின் பட்டியலும் கொடுத்துவிட்டு வந்தால், இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அப்பா கொடுத்த பட்டியல் ஒரு பக்கத்தோடு முடிந்துவிட்டது. மறு பக்கத்தைச் சும்மா விடுவானேன் என்று கடைக்காரர் தம் இஷ்டத்துக்கு ஏதோ வாத்திய இசையைப் பதிந்து கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்தில் பெயர் ஒன்றும் எழுதவில்லை. அப்பாவுக்கு முதலில் கோபம். ஒரு வாரத்துக்குப் பிறகு, பாட்டுப் பக்கத்தை அவர் திருப்பிப் போட்டதே இல்லை.

சங்கீதம் அவருக்குத் தெரியாது. ஆனால் யந்திரம் தெரியும். நூலில் ஒரு பங்கு கூடத் தப்பாமல் ஒரு பல்சக்கரம் இன்னொன்றோடு போய்ச் சேர்வதை அறிந்தவர். "ஒண்ணு ஓடுறப்ப இன்னொண்ணு வந்து மாட்டுது பாரு, அதுதான் இதுல வேலை" என்று சொல்லுவார். பின்னால் நான் புத்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்ட பெரிய சங்கதியை அவர் லேத்தின் பக்கத்தில் நின்று கண்டுகொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தத் தட்டின் பெயர் 'ஹவ் டு நேம் இட்?' 'இதற்கு என்ன பெயர் வைப்பது?' என்று அர்த்தம். வெளிவந்த ஆண்டு 1986. செய்தவர் இளையராஜா. நான் முன்னே சொன்ன ராஜா இவர்தான்.

1943-ல் பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனுடைய கோஷ்டியில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராகச் சுற்றி, சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்று, 1976-ல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் தமிழ்நாட்டின் காதுகளை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டவர் அவர். 1986-ல் அவர் ஆண்டுக்குப் பல பத்துப் படங்களுக்கு இசை அமைத்துக்கொண்டிருந்தார். காலையில் ஸ்வரங்களை எழுதி, மத்தியானத்தில் வாசிக்கச் செய்து, மாலையில் முடித்துவிடுகிற வேகம். அப்படிப்பட்டவர், கதை இல்லாமல், டைரக்டர் இல்லாமல், பாடுவதற்குக் கதாநாயகன் இல்லாமல், தமக்காக ஓர் இசைத்தட்டுச் செய்தார். சினிமாவுக்கு வெளியே அவர் செய்த முதல் தட்டு அதுதான். வயலினைத் தனியாக நின்று வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். சுற்றிலும் பெரிய தந்திவாத்தியக் கூட்டம்.

தட்டை இருவருக்கு அர்ப்பணம் செய்திருந்தார். ஒருவர் தியாகராஜ சுவாமிகள். மற்றவர் ஜெர்மனி தேசத்து யோஹான் செபாஸ்டியன் பாஹ். பாஹ் காலமானது 1750-ல். தியாகராஜர் பிறந்தது 1767-ல். ஒருவரை ஒருவர் பார்த்திருக்க முடியாது. பெயரைக் கூடக் கேள்விப்பட்டிருக்க நியாயம் இல்லை. ஒருவர் தேவாலயத்து ஆர்கன் முன்னால் உட்கார்ந்து ஏசுநாதரை நினைத்தார்; மற்றவர் திருவையாற்றுத் திண்ணையில் உட்கார்ந்து ராமனை நினைத்தார். இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார்த்தி வைத்துப் பேசச் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் இந்தத் தட்டு. உள்ளே இருக்கும் உருப்படிகளின் பெயர்களைப் பாருங்கள். ஒன்றுக்கு 'சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா'. மேல்நாட்டுச் சிற்றறைக் கச்சேரி தியாகராஜரை வரவேற்கிறது. இன்னொன்றுக்கு 'ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்'. அதாவது, பாஹை என் வீட்டில் சந்தித்தேன். அதற்கு அடுத்தது, 'அண்ட் வி ஹாட் எ டாக்', பேசிக்கொண்டிருந்தோம். பண்ணைப்புரத்துக் குறும்பு இங்கிலீஷில் கூட ஒளியவில்லை.

மேல்நாட்டு இசையில் 'ஃப்யூக்' என்று ஓர் அமைப்பு உண்டு. ஒரு குரல் ஒரு சிறு சங்கதியைச் சொல்லும். அது மேலே போகத் தொடங்கியதும், இரண்டாவது குரல் அதே சங்கதியை வேறு ஸ்தாயியில் எடுத்துக்கொண்டு வரும். பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றும் தன் வழியில் ஓடும். ஆனால் ஒன்றோடு ஒன்று மோதாது. மோதுவது போல் வந்து கைகோத்துக்கொள்ளும். பாஹ் அதில் சக்கரவர்த்தி. நம்முடைய சங்கீதமோ ஒரே ராகத்தை ஒரே குரலில் ஆழமாகத் தோண்டிக்கொண்டு போவது. ராகத்தின் கமகம் கெடாமல் அதை ஃப்யூக்கில் ஓட விடுவது லேசான காரியம் அல்ல. 'மேட் மாட் மூட் ஃப்யூக்' என்ற உருப்படியில் இளையராஜா அதைச் செய்து பார்த்திருக்கிறார். 'ஒண்ணு ஓடுறப்ப இன்னொண்ணு வந்து மாட்டுது' என்று என் தகப்பனார் சொன்னது இதைத்தான்.

பாஹை வீட்டில் சந்தித்த உருப்படிக்கு அடிப்படை, பாஹ் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் முகப்பு இசை. அதற்கும் ஒரு மறு வெளியீட்டுச் சரித்திரம் இருக்கிறது. பாஹ் தம் கையாலே எழுதிய பிரதியில் 1720 என்று போட்டிருக்கிறது. 1731-ல் அவரே அதை எடுத்து, ஆர்கனுக்கும் வாத்திய கோஷ்டிக்கும் மாற்றி, ஒரு தேவாலயக் கீதத்துக்கு முகவுரையாக வைத்துவிட்டார். தனியாக நின்ற வயலினுக்கு ஊர்வலம் கூட்டிவிட்ட மாதிரி! ஆனால் தனி வயலின் உருப்படிகள் ஆறும் முழுதாக அச்சேறியது 1802-ல்தான். அவர் காலமாகி ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து. நடுவே அவற்றைக் காப்பாற்றியவர்கள், கையால் பிரதி எடுத்துக்கொண்டவர்கள்.

தியாகராஜர் விஷயமும் இதுவே. அவர் பாடினார், சிஷ்யர்கள் எழுதிக்கொண்டார்கள். வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரைப் போன்றவர்கள் எழுதி வைக்காவிட்டால் இன்று நமக்கு எத்தனை கீர்த்தனை மிஞ்சியிருக்கும்? எங்கள் மேற்குச் சென்னைக்காரர்களுக்குத் தியாகராஜரிடம் ஒரு தனி உரிமையும் உண்டு. பூந்தமல்லிக்கு அருகே, போரூரிலிருந்து குன்றத்தூர் போகும் வழியில் கோவூர் என்று ஓர் ஊர். அவ்வூர்ச் சுந்தரேச முதலியாரின் அழைப்பின் பேரில் தியாகராஜர் அங்கே வந்து, கோயில் கொண்டிருக்கும் சுந்தரேசுவரர் பேரில் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். ஸஹானா, கரஹரப்பிரியா, பந்துவராளி, கல்யாணி, சங்கராபரணம் என்று ஐந்து ராகங்கள். கோவூர்ப் பஞ்சரத்தினம் என்று பெயர். ராமனையே பாடியவர் சிவனைப் பாடினது எங்கள் பக்கத்து மண்ணில். தட்டில் அவர் பெயரைக் கண்டதும், 'நம் ஊருக்கு வந்து போனவர்தானே' என்று எனக்கு ஒரு சொந்தம் உண்டாகிவிட்டது.

இனி வீட்டுப் பாட்டு என்ற பெயருக்கு வருகிறேன்.

பாலு மகேந்திரா 1988-ல் 'வீடு' என்று ஒரு படம் வெளியிட்டார். மட்டக்களப்புப் பக்கத்து அமிர்தகழியில் பிறந்தவர் அவர். தம் சிறு வயதில் தாயார் ஒரு வீடு கட்டப் பட்ட பாடுதான் அந்தப் படத்துக்கு வித்து என்று அவரே சொல்லியிருக்கிறார். படத்தில் பாட்டே கிடையாது. பின்னணி இசைக்குப் புதிதாக ஒன்றும் செய்யாமல், இரண்டு வருஷத்துக்கு முன் வந்த 'ஹவ் டு நேம் இட்?' தட்டின் இசையை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். கதையில்லாத இசைக்கு ஒரு கதை கிடைத்தது. அந்தத் தட்டின் முதல் மறு வெளியீடு என்று நான் அந்தப் படத்தைத்தான் சொல்லுவேன்.

கதை மிகவும் சாதாரணமானது; அதனால்தான் பயங்கரமானது. ஆபீஸில் வேலை பார்க்கும் சுதா என்ற பெண், தாத்தாவோடும் தங்கையோடும் வாடகை வீட்டில் இருக்கிறாள். காலி செய்ய வேண்டி வருகிறது. சொந்தமாகக் கட்டிவிடலாம் என்று துணிகிறாள். கடன், அநுமதி, லஞ்சம், ஏமாற்றும் காண்டிராக்டர் என்று ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஓர் அவமானம். முடியாத வீட்டைப் பார்த்துவிட்டுத் தாத்தா கண்ணை மூடுகிறார். கடைசியில், அந்த மனையே குடிநீர் வாரியத்துக்கு எடுத்தாகிவிட்ட நிலம் என்று ஓர் அதிகாரி வந்து சொல்கிறார். சுதாவாக அர்ச்சனா, தாத்தாவாகப் பழைய நாடக நடிகர் சொக்கலிங்க பாகவதர். தமிழில் சிறந்த படம் என்ற தேசிய விருது படத்துக்கும், சிறந்த நடிகை விருது அர்ச்சனாவுக்கும் கிடைத்தன. படத்துக்காக வீடு கட்டியது சாலிகிராமத்தில். எங்கள் அம்பத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்விடுகிற தூரம்.

அந்தக் காலத்துத் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் மாநில மொழிப் படங்கள் போடுவார்கள். 'வீடு' வந்த அன்று பக்கத்து வீட்டுக் கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தோம். படம் தொடங்கிச் சிறிது நேரத்தில் வயலின் எழுந்தது. அப்பா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம கேசட்டு!" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. குடிநீர் வாரியத்து அதிகாரி வந்த காட்சியில் அவர் முகத்தை நான் பார்த்தேன். எட்டு வயதைத் தாண்டியவனுக்கு அந்த முகம் புரியவில்லை. இப்போது புரிகிறது.

மறுநாள் காலை அவர் பட்டறைக்குப் போகவில்லை. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போய், எங்கள் மனைக்கு வில்லங்கச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வாங்கும்போதே ஒரு முறை பார்த்ததுதான். இருந்தாலும் மனம் கேட்கவில்லை. சான்று வருகிற வரையில் அந்தக் கேசட்டை அவர் போடவே இல்லை. வந்த அன்று இரவு, கூரை போடாத வீட்டுக்கு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போனோம். பாட்டரிக் கட்டைகளின் வலுவில் அது பாடிற்று. மேலே நட்சத்திரம். அன்றிலிருந்துதான் அதற்கு 'வீட்டுப் பாட்டு' என்று பெயர்.

ஒரு கலைப்படைப்பு எதனால் பிழைக்கிறது என்பதைச் சில சமயம் யோசித்துப் பார்க்கிறேன். பழைய கிராமபோன் தட்டு ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேல் பாடிற்று. 1948-ல் நீண்ட நேரத் தட்டு வந்தது; ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் பிடித்தது. 1963-ல் கேசட், 1982-ல் குறுந்தட்டு, இப்போது செல்பேசிக்குள் எல்லாம் அடக்கம். 'ஹவ் டு நேம் இட்?' தட்டாகவும் கேசட்டாகவும் வந்து, குறுந்தட்டில் ஏறி, இன்று விரலால் தொட்டால் கேட்கிற இடத்துக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு வண்டி மாறும்போதும் கொஞ்சம் சாமான் தவறிவிடுகிறது. தட்டில் உள்ள கரகரப்புப் போனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அட்டை போய்விடுகிறது, அட்டையோடு, வாசித்தவர்களின் பெயர்களும் போய்விடுகின்றன. என் செல்பேசியில் இந்த இசையைத் தேடியபோது திரையில் வந்தது இளையராஜாவின் பெயர் ஒன்றுதான். நரசிம்மன் எங்கே? அந்த வில்லைப் பிடித்த கை எங்கே? அமெரிக்காவில் வாசிக்காதவர் பெயரை அட்டையில் போட்டார்கள். இங்கே வாசித்தவர் பெயர் கண்ணில் படவில்லை. அது நன்றியின் மிகுதி என்றால் இது மறதியின் மிகுதி.

பிழைப்பதும் எல்லாவற்றுக்கும் வாய்ப்பதில்லை. 'வீடு' படத்தின் மூல நெகடிவ் அழிந்துவிட்டது என்று பாலு மகேந்திரா, 2014-ல் காலமாவதற்கு முன், வருந்திச் சொன்னார். தேசிய விருது வாங்கிய படத்துக்கு அந்தக் கதி. 1993-ல் இளையராஜா லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் வாத்தியக் குழுவைக் கொண்டு ஒரு சிம்பனியைப் பதிவு செய்தார்; அது வெளிவரவே இல்லை. பிற்பாடு 2025 மார்ச்சில் லண்டன் மேடையில் அரங்கேறியது அவருடைய வேறொரு சிம்பனி. கேட்கப்படாத இசையை நினைத்தால், பிரித்துப் படிக்காத கடிதத்தை நினைத்த மாதிரி மனசு அடித்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுக்குக் கேசட் பதிந்து கொடுத்த கடைக்காரர் செய்தது நியாயம் அல்ல. அந்த மறு பக்கத்துக்காக இசை அமைத்தவருக்கோ, வயலின் வாசித்தவருக்கோ ஒரு காசு போயிராது. பாட்டு யாருக்குச் சொந்தம் என்று இளையராஜாவே ஒலிப்பதிவுக் கம்பெனிகளோடு பல வருஷம் கோர்ட்டில் வழக்காடியிருக்கிறார். அவர் பக்கத்து நியாயம் எனக்குத் தெரிகிறது. நானும் எழுதிப் பிழைக்கிறவன்தான். ஆனால் அந்தத் திருட்டுப் பிரதி இல்லாவிட்டால், லேத்து ஓட்டிய ஒருவர் பாஹையும் தியாகராஜரையும் தம் கூரையில்லாத வீட்டில் சந்தித்திருக்க மாட்டார். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றொன்றை அடித்துவிட எனக்குத் தைரியம் வரவில்லை.

தட்டு சுழன்றுகொண்டிருந்தது. பாஹை வீட்டில் சந்தித்த உருப்படி முடியும் தறுவாயில் நான் வழக்கம் போல எழுந்தேன். எங்கள் கேசட்டில் அங்கேதான் 'டக்' என்று நாடா தீர்ந்துபோகும். இத்தனை வருஷமாக அந்த 'டக்'கே இசையின் முடிவு என்று என் காது நம்பிக்கொண்டிருந்தது. தட்டில் அந்தச் சத்தம் வரவில்லை. ஒரு கணம் மௌனம். பிறகு அடுத்த உருப்படி ஆரம்பித்தது. சந்தித்தது மட்டுந்தான் எங்களிடம் இருந்தது. அவர்கள் பேசிக்கொண்டதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். அப்பா அதைக் கேட்காமலே போய்விட்டார். அவர் காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது.

"கொஞ்சம் அவசரமா ஓடுதேடா" என்றாள் அம்மா. அதற்கும் காரணம் உண்டு. எங்கள் டேப் ரிக்கார்டர் சற்று மெதுவாக ஓடும். சுருதி இறங்கித்தான் எங்களுக்குப் பழக்கம். பையன் உடனே உற்சாகமாகி, "அந்தக் கேசட் இருக்கா பாட்டி? நான் கம்ப்யூட்டர்ல ஏத்தி, வேகத்தைச் சரி பண்ணித் தரேன்" என்றான்.

"ஏத்திக்கோ. வேகத்துல மட்டும் கை வைக்காதே" என்றாள் அம்மா.

பரணிலிருந்து கேசட்டை எடுத்தேன். மறு பக்கத்துச் சீட்டு அப்போதும் வெறுமையாகவே இருந்தது. பேனாவை எடுத்து 'ஹவ் டு நேம் இட்?' என்று எழுதினேன். அதன் கீழே 'இசை இளையராஜா' என்றும், அதற்கும் கீழே 'வயலின் வி. எஸ். நரசிம்மன்' என்றும் எழுதினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தாள்.

"எல்லாம் சரிதான். வீட்டுப் பாட்டுன்னு எழுதலையே?"

மிச்சம் இருந்தது ஒரே ஒரு வரிக்குத்தான் இடம். அதையும் எழுதினேன்.